வெட்கம் விடுவிப்பதில்லை: மலையகக் கிறிஸ்தவரும் ஆபாசக் காணொளிப் பழக்கமும்

ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டச் சபைகளில் சாட்சி சொல்லும் வேளை வந்தால் பெரும்பாலும் குடியை விட்டவர்களின் குரலே கேட்கும். தவறணையில் சம்பளத்தைத் தொலைத்தவர், கசிப்பால் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர், மனைவி பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, ஆண்டவர் தன்னை மீட்ட விதத்தைச் சொல்வார். சபை அவரோடு சேர்ந்து அழும், சேர்ந்து மகிழும். ஆபாசக் காணொளிப் பழக்கத்திலிருந்து மீண்டதை அந்த இடத்தில் நின்று சொல்பவர் அரிது. ஒன்று பெரிய பாவம், மற்றது சிறிய பாவம் என்பதால் இந்த வேறுபாடு வரவில்லை. குடிப்பவரை லயம் முழுவதும் பார்த்திருக்கிறது. மறைக்க அவரிடம் எதுவும் மிச்சமில்லை. கைக்குள் அடங்கும் திரையைப் பார்ப்பவரை யாரும் பார்த்ததில்லை. சொன்னால் மட்டுமே பிறருக்குத் தெரியும், சொல்லாவிட்டால் சாகும்வரை தெரியாது என்ற நிலையில் எவரும் வாய் திறக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைச் சபைகள் ஒழுக்கத்தின் காவலாக நினைக்கின்றன. உண்மையில் அந்தப் பழக்கம் வேர்விடும் மண்ணே அதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். கிறிஸ்தவ நம்பிக்கை ஒருவரை இந்தப் பழக்கத்திலிருந்து விடுவிக்க வல்லது. ஆனால் அது வெட்கத்தைக் கூட்டி விடுவிப்பதில்லை. தனிமையைக் கலைத்தும், அறிக்கையிட இடம் கொடுத்தும், மன்னிப்பை முன்வைத்தும் விடுவிக்கிறது. அதற்கான முறைகள் திருச்சபையின் மரபில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக இருக்கின்றன. அந்த மரபை உடையவர்களே இந்த மலைகளில் ஆலயங்களைக் கட்டினார்கள்.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவில் தேயிலை நட்டதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் மலையேறத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கென்று கட்டப்பட்ட லயங்களில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களில், இன்றும் மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழும் குடும்பங்கள் பல. பக்கத்துக் காம்பராவின் இருமல் கேட்கும். இரவுச் சண்டை காலையில் பீலியடிக்கு வந்துவிடும். கணவனும் மனைவியும் தனித்துப் பேச இடமில்லாத வீட்டில் வளரும் பையனுக்குச் சொந்தமென்று ஒரு மூலை கூடக் கிடையாது. அந்த வீட்டுக்குள் திறன்பேசி வந்தபோது, முதல் தடவையாக அவனுக்கு மட்டும் தெரிந்த ஓர் அறை கிடைத்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் படிப்பு இணையத்துக்கு மாறியதும், கடன் வாங்கியாவது பிள்ளைக்கு போன் வாங்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் பெற்றோருக்கு வந்தது. பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அந்த போனில் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாகவும், தகப்பன் கொழும்பில் கடையிலும் இருக்கும் வீடுகளில் பாட்டிதான் மேற்பார்வை. இதைச் சொல்வதால் மலையக இளைஞர்கள் மற்றவர்களைவிடக் கெட்டவர்கள் என்று ஆகாது. காமத்தைத் தேடும் கூகுள் தேடல்களில் இலங்கை முன்னணியில் நிற்கிறது என்று பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுவதுண்டு. அந்தக் கணக்கு ஒரு நாட்டின் மொத்தத் தேடல்களில் ஒரு சொல் பெறும் பங்கைத்தான் காட்டும். எத்தனை பேர் தேடினார்கள், எதற்காகத் தேடினார்கள் என்று அதில் தெரியாது. பாலியல் கல்வி கிடைக்காத பிள்ளைகள் சந்தேகம் தீர்க்கத் தேடுவதும் அந்தப் பங்கில் அடங்கும்.

தடைச்சட்டம் இதைத் தீர்க்கவில்லை. இலங்கையில் ஆபாசப் பிரசுரங்களுக்கு எதிரான கட்டளைச்சட்டம் 1927இலேயே வந்துவிட்டது. 2009 முதல் நீதிமன்ற உத்தரவின் பேரில் ஆபாசத் தளங்கள் முடக்கப்பட்டன. தடையைச் சுற்றிப்போகும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், அந்தத் தடை சிறு பிள்ளைகள் தற்செயலாகத் தடுக்கி விழுவதை ஓரளவு குறைக்கலாம், பழக்கப்பட்டவரை நிறுத்தாது. பிள்ளைகளின் போனில் வடிகட்டி போடுவது நல்லதுதான். ஆனால் அது கதவு. மனிதர் மாறுவது வேறு விஷயம்.

மனிதர் எப்படி மாறுகிறார் என்பதில் அண்மைக்கால உளவியல் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது சபையாரையும் சமயத்தைச் சந்தேகிப்பவர்களையும் ஒருங்கே சங்கடப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஓர் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ, நிறுத்த முயன்றும் முடியாமல், உடல்நலமும் வேலையும் உறவும் கெட்டும், இன்பம்கூடக் குறைந்துபோன பின்னும் தொடர்வது அதன் அடையாளம். ஆனால் அதே பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஒருவரின் துயரம் முழுவதும் ஒழுக்கத் தீர்ப்பிலிருந்து மட்டுமே வருமானால் அதை நோய் என்று சொல்லக்கூடாது. அதாவது மாதத்தில் ஒருநாள் பார்த்துவிட்டு, தான் நரகத்துக்குத் தப்பமுடியாத அடிமை என்று இரவெல்லாம் துடிக்கும் பையன் நோயாளி அல்ல. அவனுக்குத் தேவைப்படுவது வேறு. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா க்ரப்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சமயப் பற்றும் ஒழுக்க வெறுப்பும் மிகுந்தவர்கள், எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதைப் பொருட்படுத்தாமலே தங்களை அடிமைகளாகக் கருதினார்கள். தான் நம்புவதற்கும் தான் செய்வதற்கும் இடையிலுள்ள பிளவே அவர்களின் துயரத்தின் பெரும்பங்கு.

இந்த இடத்தில் சமயத்தைச் சந்தேகிப்பவர்கள் எழுந்து, ‘அப்படியானால் நோயே உங்கள் போதனைதான், அதை எடுத்துவிட்டால் துயரம் தீர்ந்துவிடும்’ என்பார்கள். அலட்சியப்படுத்தக்கூடாத எதிர்ப்பு இது. ஆனால் முழுச் சான்றும் அவர்கள் பக்கம் இல்லை. சமய ஈடுபாடு மிகுந்தவர்கள் சராசரியாகக் குறைவாகவே பார்க்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன; எனவே நம்பிக்கை தடுக்கும் வலிமையும் உடையது. அதோடு, நம்புவதற்கும் செய்வதற்கும் இடையில் பிளவு வந்தால் நம்பிக்கையைத் தூக்கி எறிவது ஒன்றுதான் வழி என்று எந்த உளவியலும் சொல்லவில்லை. கணவன் மனைவிக்கு வாக்குக் கொடுத்து அதை மீறித் துயரப்பட்டால், வாக்கையே கைவிடு என்று நாம் சொல்வதில்லை. சமூகவியலாளர் சாமுவேல் பெரி 2019இல் வெளியிட்ட நூலில் அமெரிக்கப் பழமைவாதப் புரட்டஸ்தாந்தரை ஆராய்ந்து, சிக்கலின் முடிச்சு எங்கே என்று காட்டுகிறார். அச்சபைகள் பாலியல் பாவத்தை மற்ற எல்லாப் பாவத்துக்கும் மேலே ஒரு தனிப் படியில் ஏற்றி வைத்துவிடுகின்றன. பேராசைக்கும் பொய்க்கும் கிடைக்கும் பொறுமை இதற்கு மட்டும் கிடைப்பதில்லை. விழுந்தவர் அதனால் ஆலயத்திலிருந்தே விலகிப்போகிறார். பெரியும் ஜார்ஜ் ஹேவர்டும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆபாசம் பார்ப்பது மிகுந்த இளையோரிடம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆராதனைக்குப் போவதும் ஜெபமும் குறைந்தன. அவர்களைப் பிடித்து நிறுத்தக்கூடிய கூட்டத்திலிருந்தே அவர்கள் கழன்றுபோனார்கள்.

வெட்கம் ஏன் காப்பதில்லை என்பதற்கு இன்னும் நெருக்கமான விளக்கம் உண்டு. டேனியல் வெக்னர் 1987இல் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது என்று சிலரிடம் சொன்னார். அவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று விட்டதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்கள் அதிகமாக நினைத்தார்கள். எண்ணத்தை அமுக்கினால் அது வேகத்தோடு திரும்பும். குடி, புகை ஆகியவற்றை விட முயன்றவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் இன்னொன்றைக் கண்டார். ஒரு தடவை சறுக்கியவர், ‘நான் அவ்வளவுதான், இனி என்ன மிச்சம்’ என்ற எண்ணத்தால்தான் முழுவதுமாக விழுகிறார். சறுக்கலைவிடச் சறுக்கலுக்கு அவர் கொடுக்கும் பொருளே ஆபத்தானது. முழங்காலில் நின்று ‘இனி ஒருபோதும் இல்லை’ என்று பொருத்தனை செய்யும் பையனை எண்ணிப் பாருங்கள். நாற்பது நாள் தாக்குப்பிடிப்பான். நாற்பத்தோராம் நாள் விழுந்ததும் பொருத்தனை முறிந்தது, தேவன் கைவிட்டார், இனி விழுந்தே கிடக்கலாம் என்று ஆகிவிடும். ஆபாசப் பழக்கத்துக்கென்றே அமெரிக்காவின் யூட்டாவில் ஜெசி க்ராஸ்பியும் மைக்கேல் டுவோஹிக்கும் நடத்திய, 2016இல் வெளிவந்த சிகிச்சைச் சோதனை வேறு வழியைக் காட்டுகிறது. பன்னிரண்டு அமர்வுகளில் அவர்கள் கற்பித்தது இச்சையை நசுக்குவதை அல்ல. எழும் எண்ணத்தை எழுந்ததாக ஒத்துக்கொண்டு, அதற்குக் கீழ்ப்படியாமல், தான் மதிக்கும் வாழ்க்கைக்குரிய செயலைத் தொடர்வதைக் கற்பித்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் பார்ப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களிடம் குறைவு சிறிதே. பங்கேற்றவர்கள் முப்பது பேருக்கும் குறைவு என்பதால் இதை வைத்து மலையைப் பெயர்க்க முடியாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

இனி இதே திசையைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னால் காண்போம். யோவான் கசியான் என்ற துறவி எகிப்துப் பாலைநிலத் தந்தையரிடம் கேட்டறிந்தவற்றை 420களில் ‘உரையாடல்கள்’ என்ற நூலாக எழுதினார். அதன் இரண்டாம் உரையாடலில் ஒரு கதை வருகிறது. காம எண்ணத்தால் வாடிய இளந்துறவி ஒருவர் முதியவர் ஒருவரிடம் போய்த் தன் போராட்டத்தை அறிக்கையிடுகிறார். முதியவரோ, இப்படிப்பட்டவன் துறவியென்ற பெயருக்கே தகுதியற்றவன் என்று சீறுகிறார். இளைஞர் மனமுடைந்து, மடத்தை விட்டு ஊருக்குத் திரும்பிப் பெண் கட்டிக்கொள்வதென்று புறப்படுகிறார். வழியில் அப்போல்லோ என்ற தந்தை அவர் முகவாட்டத்தைக் கண்டு நிறுத்திக் காரணம் கேட்கிறார். கேட்டபின் திட்டவில்லை. இந்த வயதிலும் தனக்கு அதே எண்ணங்கள் வருவதுண்டு, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, வெல்வது நம் முயற்சியைவிட இறைவனின் இரக்கத்தால்தான் என்று சொல்லி, ஒருநாள் மட்டும் பொறுத்திருக்கக் கேட்டு அவரை அறைக்குத் திருப்பி அனுப்புகிறார். பிறகு அந்தச் சோதனை முதியவர் மேல் திரும்பட்டும் என்று ஜெபிக்க, முதியவர் அதைத் தாங்கமாட்டாமல் பித்தேறியவர் போல் வெளியே ஓடி வருகிறார். அதற்கு முந்திய பகுதியிலும், அன்றாடம் ரொட்டி திருடித் தின்ற சிறுவனான செராபியோன், ஒளித்ததை எடுத்து எல்லார் முன்னும் வைத்து அழுதபோதுதான் அந்தப் பழக்கம் அவனை விட்டது. கசியான் இதிலிருந்து எடுக்கும் முடிவு ஒன்று: வெளியே சொல்லப்பட்ட எண்ணம் பலம் இழக்கிறது; கேட்பவர் கடுமையாக இருந்தால் சொல்லும் வாய் அடைபடுகிறது. நோன்பு மட்டும் போதாது. உழைப்பும் மறைநூல் சிந்தனையும் மனத்தாழ்மையும் வேண்டும் என்று வேறொரு நூலிலும் அவர் எழுதினார். மார்லட்டும் க்ராஸ்பியும் சோதனைக்கூடத்தில் கண்டதை அப்போல்லோ பாதையோரத்தில் அறிந்திருந்தார் என்று சொல்வதில் மிகையில்லை.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதும் அல்ல. கசியானின் நூல்களைத் தம் துறவிகள் வாசிக்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தமது ஒழுங்கில் குறித்துவைத்தார். அந்த ஒழுங்கைப் பின்பற்றும் சில்வெஸ்திரியர் சபைத் துறவிகள் 1845 முதல் இலங்கையில் பணியாற்றினார்கள். நுவரெலியா மாவட்டத்தையும் உள்ளடக்கிய கண்டி மறைமாவட்டம் 1886இல் அமைந்தபோது அதன் முதல் ஆயர் கிளெமென்ட் பஞ்ஞானி அந்தச் சபையினர். 1959 முதல் 1972 வரை ஆயராக இருந்த லியோ நாணயக்காரவும் அப்படியே. மறுபுறம் அங்கிலிக்கரின் தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கியது. பின்னாளில் அது தமிழ்ச் சபை மிஷன் என்று பெயர் மாறியது. திருநெல்வேலியிலிருந்து அழைத்து வரப்பட்ட உபதேசியார்கள் தோட்டந் தோட்டமாக நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் தொழிலாளரைச் சந்தித்தார்கள். துரைமார் பணம் கொடுத்து நடத்திய மிஷன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடக்கமான தொழிலாளரை உருவாக்கும் எண்ணமும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் உபதேசியார் என்ற அந்த மனிதர் ஆலயத்துக்கு வரச்சொல்லிக் காத்திருக்காமல், மக்கள் இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்பவர். 1814இல் காலியில் இறங்கிய மெதடிஸ்தர் கொண்டுவந்த மரபில் இன்னொன்று இருந்தது. ஜோன் வெஸ்லி 1738இலேயே சிறு கூட்டங்களுக்கு விதி எழுதினார்: ஆண்கள் தனி, பெண்கள் தனி, மணமானோர் தனி, மணமாகாதோர் தனியாக வாரம் ஒருமுறை கூடி, சென்ற கூட்டத்துக்குப் பின் என்ன பாவம் செய்தோம், என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். 1742இல் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி திரட்டப் பன்னிருவர் குழுக்கள் பிறந்தன. வீடு வீடாகக் காசு வாங்கப் போன தலைவர்கள் குடும்பங்களின் உண்மை நிலையைக் கண்டார்கள், அதுவே வகுப்புக் கூட்டமாயிற்று. அந்நாளில் வெஸ்லியிடம் வந்தவர்களில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத்தார் பலர். நெருக்கமான வீடு, உடல் தேயும் வேலை, மலிவான போதை ஆகியவை எப்படியிருக்கும் என்று அவர்கள் அறிவார்கள். இந்த மரபு நம்மிடம் இன்று வீட்டு ஜெபக் கூட்டமாக உயிரோடிருக்கிறது. ஆனால் அதில் விண்ணப்பம் நோய்க்கும் வேலைக்கும் பரீட்சைக்கும்தான். சோதனையைப் பற்றிய கேள்வி எங்கோ உதிர்ந்துவிட்டது.

இத்தனையும் உளவியல் குழுவாலேயே நடக்குமே, இதில் விசுவாசம் எங்கே என்று கேட்கலாம். யாக்கோபு எழுதிய நிருபம் பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும்போது, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவும் சேர்த்தே சொல்கிறது. சொல்லித் தீர்ப்பதோடு அது முடிவதில்லை. சிகிச்சையாளரின் பொறுமை ஒரு தொழிலின் பொறுமை, அதை மதிக்கிறேன். விசுவாசி நிற்கும் தரை வேறு. அவர் திருந்துவதற்கு முன்பே நேசிக்கப்பட்டவர். திருந்திய பின் கிடைக்கும் பரிசாக மன்னிப்பு அவருக்கு வரவில்லை. மார்லட் சொன்ன ‘இனி என்ன மிச்சம்’ என்ற எண்ணத்துக்கு இதைவிட உறுதியான மறுமொழி வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு, அதைச் சிகிச்சை பெரும்பாலும் கேட்பதில்லை: திரையில் இருப்பவர் யார்? மலைப்பிரசங்கத்தில் இயேசு இச்சையோடு பார்க்கும் பார்வையைப் பற்றிப் பேசியபோது, பொறுப்பைப் பார்ப்பவர் மேல் வைத்தார். பார்க்கப்படும் பெண்ணின் உடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் தோட்டங்களில் நடப்பது நேர்மாறு. பெண் பிள்ளை போன் வைத்திருந்தால் விசாரணை, உடுப்பில் விசாரணை. பையனிடம் கேள்வியே இல்லை. காதலித்தவன் ஏமாற்றி எடுத்துப் பரப்பிய காணொளியைத் தெருவெல்லாம் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணையே பழி சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பார்ப்பவர் ஒவ்வொருவரும் அந்தக் கொடுமையில் பங்காளி. அயலாரை நேசிக்கச் சொன்ன கட்டளையின் கீழ் நிற்பவர் தன் தூய்மையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. திரையிலுள்ள அந்தப் பெண்ணும் அவருக்கு அயலாரே. இந்த உணர்வு ‘நான் அழுக்கானவன்’ என்ற சுழலிலிருந்து மனிதரை வெளியே, இன்னொருவரின் வேதனையை நோக்கித் திருப்புகிறது.

அப்படித் திருப்பக்கூடிய உணர்வுக்கும் வெட்கத்துக்கும் வேறுபாடு உண்டு. வெட்கத்தைக் குறைத்தால் பாவம் மலிந்துவிடும் என்று அஞ்சும் மூப்பர்களுக்கு இங்கேதான் பதில். ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ‘நான் செய்தது தவறு’ என்ற குற்ற உணர்வு மனிதரை ஈடுசெய்யத் தூண்டுகிறது, ‘நானே தவறு’ என்ற வெட்கம் ஒளியத் தூண்டுகிறது என்று காட்டினார். 2011இல் ராண்டி கில்லிலண்ட் முதலானோர் கட்டுப்பாடற்ற பாலியல் நடத்தை உள்ளவர்களை ஆராய்ந்தபோதும் இதே வேறுபாடு வெளிப்பட்டது: குற்ற உணர்வு மாறும் முயற்சியோடு இணைந்திருந்தது, வெட்கம் பழக்கத்தோடே இணைந்திருந்தது. பேதுரு மறுதலித்ததும் யூதாஸ் காட்டிக்கொடுத்ததும் ஒரே இரவில்தான். ஒருவர் அழுது திரும்பி வந்து, கடற்கரையில் கேள்வி கேட்ட ஆண்டவர் முன் நின்றார். மற்றவர் தனியே போய்த் தொங்கினார். பாவத்தைப் பாவம் என்று சொல்வதை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி வரும் வழியையும் காட்டவேண்டும்.

பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இதை இச்சையின் ஆவி என்று சொல்லி, கை வைத்துத் துரத்துவதுண்டு. ‘இது நீ அல்ல, உன்னைப் பிடித்தது’ என்று கேட்கும்போது அந்தப் பையனுக்கு ஒரு நிம்மதி வருகிறது, அதை மறுக்கவில்லை. வெட்கத்தின் பிடி தளர்கிறது. ஆனால் அந்த இரவோடு எல்லாம் முடிந்ததென்று அவனை அனுப்பிவிட்டால், அடுத்த வாரம் களைப்போடும் தனிமையோடும் போனை எடுக்கும்போது அவனிடம் எந்தப் பழக்கமும் இல்லை, யாரும் இல்லை. மறுபடி விழுந்தால் ஆவி ஏழு மடங்காகத் திரும்பியதென்று அவனே முடிவுகட்டிவிடுவான். விடுதலை ஜெபம் செய்யும் போதகர் மறுநாள் காலையும் அதற்கு மறுவாரமும் அவனோடு இருப்பாரானால் எனக்கு ஆட்சேபனை இல்லை. களைப்பு, கோபம், வேலையின்மை, நித்திரையின்மை என்று எந்த வேளையில் கை போனைத் தேடுகிறது என்று சேர்ந்து பார்க்கவேண்டும். இரவில் போன் பாட்டியின் பக்கத்தில் சார்ஜில் கிடக்கட்டும் என்ற சிறிய ஏற்பாடும் ஜெபத்தின் பகுதிதான்.

எல்லாவற்றிலும் கடினமான எதிர்ப்பு லயத்திலிருந்தே வருகிறது: ‘இங்கே யாரிடம் சொல்வது?’ ஒரு காம்பராவில் சொன்னது மறுநாள் டிவிஷன் முழுவதும் தெரிந்துவிடும் இடத்தில், சபை மூப்பர் கங்காணியாகவும் இருக்கும் இடத்தில், மணப்பேச்சு நடக்கும் குடும்பம் அடுத்த வரிசையில் அமர்ந்திருக்கும் இடத்தில், அறிக்கையிடு என்பது கேட்க அழகான, செய்ய முடியாத அறிவுரையாகிவிடும். வெஸ்லியின் சிறு கூட்டத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் அது வம்பளக்கும் கூட்டமாகவே முடியும். இந்த எதிர்ப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். இதற்கு விடை காணாத எந்தத் திட்டமும் பயனற்றது. கத்தோலிக்கருக்கு ஒரு காப்பு ஏற்கெனவே உண்டு. ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் குருவைக் கட்டுகிறது. பங்குக் குரு வருவது மாதத்துக்கு ஒருமுறைதான் என்றாலும், அந்த ஒரு நாளில் வரிசையில் நிற்பவர்களிடம் அவசரப்படாமல் இருப்பது அவர் செய்யக்கூடிய பெரிய காரியம். புரட்டஸ்தாந்தர் கேட்பவரை வேறு தோட்டத்திலிருந்து தேடலாம்: டிக்கோயாவில் உள்ளவர் நானுஓயாவில் உள்ள ஒருவரிடம் பேசுவது, ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் மட்டும், இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை, பேசியதை வெளியே எடுத்துப்போனால் அந்தப் பொறுப்பு போய்விடும் என்ற தெளிவான உடன்பாடு. பெண்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அதைப் போதகரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றால் அவர்கள் ஒருபோதும் சொல்லமாட்டார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பொறுத்தவரை கறாரான எல்லை வேண்டும்: எந்தப் பெரியவரும், குருவானவராயினும், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையிடம் பாலியல் விவரம் கேட்கக்கூடாது. உலகெங்கும் சபைகளில் நடந்த துஷ்பிரயோகம் இந்தக் கதவின் பின்னால்தான் நடந்தது. பழக்கம் கட்டுமீறி வேலையையும் குடும்பத்தையும் கெடுக்கிற அளவுக்குப் போனவரையும், உயிரை விடும் எண்ணம் உள்ளவரையும் ஜெபத்தோடு மட்டும் வைத்திருக்கலாகாது; மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அறியாத உபதேசியார் இருக்கக்கூடாது.

சம்பளமும் காணியும் வீடும் கிடைக்காத மக்களிடம் போய் போன் பழக்கத்தைப் பேசுவது திசைதிருப்பல் அல்லவா என்ற கேள்வியும் உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அது முழுவதும் சீராக 2003 வரை காத்திருந்த சமூகத்திடம் ஒழுக்க உபதேசம் மட்டும் செய்தால் கேள்வி நியாயமானதே. ஆனால் தனித்தனி அறைகளுள்ள வீடும், இளைஞருக்கு ஊரிலேயே வேலையும், தாய் கடல் கடக்கத் தேவையில்லாத வருமானமும் இந்தப் பழக்கத்தின் வேரையும் தொடுகின்றன. வீட்டுரிமைக்குக் குரல் கொடுக்கும் சபை இதே இளைஞனுக்காகவும் பேசுகிறது. அதற்காக அவன் வீடு கட்டி முடியும்வரை காத்திருக்கவும் முடியாது. இன்றிரவு அவன் பேச ஒருவர் வேண்டும். பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியும், அம்பிட்டியக் குருமடமும் மலையகத்துக்கு வரும் போதகர்களையும் குருக்களையும் உருவாக்குகின்றன. பிரசங்கம் செய்யக் கற்பிப்பதற்குக் கொடுக்கும் மணிநேரத்தில் ஒரு பகுதியை, அதிராமல் கேட்கவும், கேட்டதைக் காக்கவும், தன் போராட்டத்தை மறைக்காமல் பேசவும் கற்பிப்பதற்கு அவை ஒதுக்கவேண்டும். தோட்டங்களில் இன்றும் ஊழியம் செய்யும் உபதேசியார்களுக்கும் பெண் ஊழியர்களுக்கும் அந்தப் பயிற்சி தமிழிலேயே, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கிடைக்கவேண்டும். கண்டிக்கு வர ஒருநாள் சம்பளத்தை இழக்க அவர்களில் பலரால் முடியாது.